கச்சேரிக்கு முன் கணக்கிலும் சுருதி சேர வேண்டும்

1971 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பண்டிட் ரவிசங்கர், சரோட் மேதை உஸ்தாத் அலி அக்பர் கான், தபலா வித்வான் உஸ்தாத் அல்லா ரக்கா ஆகிய மூவரும் மேடையேறி அமர்ந்தார்கள். பின்னால் தம்பூராவுடன் கமலா சக்ரவர்த்தி. வழக்கம்போல் முதலில் வாத்தியங்களைச் சுருதி சேர்த்துக் கொண்டார்கள். ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும். சுருதி சேர்ந்து வாத்தியங்கள் ஓய்ந்ததும் அரங்கம் அதிரக் கைதட்டல் எழுந்தது. அதையே கச்சேரி என்று ரசிகர்கள் எண்ணிவிட்டார்கள்! சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தவர்கள் வாசிப்பை இன்னும் அதிகம் ரசிப்பார்கள் என்று நம்புவதாக ரவிசங்கர் நயமாகச் சொன்னார்.

இந்த வேடிக்கை இசைத்தட்டிலும் அப்படியே பதிவாகியிருக்கிறது. வங்க தேச அகதிகளுக்காக நடந்த அந்த நிதி உதவிக் கச்சேரியின் ஒலிப்பதிவு, மூல நாடாக்களிலிருந்து புதுப்பிக்கப்பட்டு 2005-இல் மீண்டும் வெளிவந்தது. இன்று கைப்பேசியிலேயே அதைக் கேட்கலாம். கேட்கும் தலைநகர்த் தமிழர்கள் பாட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தக் கச்சேரியின் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. மேடையில் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்த்தவர்கள், மேடைக்குப் பின்னால் பணத்துக்குச் சுருதி சேர்க்கத் தவறிவிட்டார்கள். அதன் பலனை அனுபவித்தவர்கள் கலைஞர்கள் அல்லர், பசித்த குழந்தைகள்.

ஒரு நண்பரின் வேண்டுகோள்

1970 நவம்பரில் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானைப் பெரும் புயல் தாக்கியது. அந்தக் காயம் ஆறுவதற்குள் 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவத்தின் அடக்குமுறை தொடங்கியது. உயிருக்கு அஞ்சி எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்த அகதிகளின் தொகை அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு கோடியை நெருங்கிற்று.

காசியில் பிறந்த வங்காளியான ரவிசங்கருக்கு இது எங்கோ நடக்கும் செய்தியாக இல்லை. அவருடைய குருநாதர் அலாவுதீன் கான் பிறந்த மண் அது. குருவின் மகன் அலி அக்பர் கானும் அங்கேயே பிறந்தவர். கச்சேரி செய்து 25,000 டாலர் அளவில் திரட்டி அனுப்பலாம் என்று ரவிசங்கர் முதலில் எண்ணினார். இதைத் தம்மிடம் சிதார் பயின்ற பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் ஹாரிசனிடம் சொன்னார். ஹாரிசன் அதைப் பெரிதாக்கினார். ஏறக்குறைய ஐந்தே வாரங்களில் பாப் டிலான், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், பில்லி பிரஸ்டன், லியோன் ரஸ்ஸல் என்று மேல்நாட்டு ராக் இசையின் முன்னணிக் கலைஞர்களை ஒரே மேடையில் சேர்த்தார். யாரும் சன்மானம் வாங்கவில்லை. பகலிலும் இரவிலுமாக இரண்டு காட்சிகள். சுமார் 40,000 பேர் வந்து கேட்டார்கள்.

ரவிசங்கர் தலைநகருக்குப் புதியவர் அல்லர். 1949 முதல் 1956 வரை தில்லி வானொலி நிலையத்தில் பணியாற்றியவர். வானொலியின் வாத்திய விருந்தாவை நடத்தும் பொறுப்பை அவரோடு பகிர்ந்துகொண்டவர் தெற்கிலிருந்து வந்த பிடில் வித்வான் டி. கே. ஜெயராமய்யர். நியூயார்க்கில் தம்பூரா மீட்டிய கமலா சக்ரவர்த்தியும் தென்னிந்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தாம். புகழ்பெற்ற பாடகி லட்சுமி சங்கரின் தங்கை. உலகமே அந்த மேடையின் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்து ஆதார சுருதியைக் காத்தவர் அவர்.

வாசலில் வந்தது, வழியில் நின்றது

பணம் இரண்டு வழியாக வந்தது. ஒன்று, டிக்கெட் விற்றது. மற்றொன்று, இசைத்தட்டும் திரைப்படமும் ஈட்டியது.

டிக்கெட் பணத்தில் சிக்கல் ஏதும் இல்லை. 2,43,418 டாலர் 50 சென்ட். கச்சேரி நடந்த பன்னிரண்டு நாட்களுக்குள் அதற்கான காசோலை ஐ. நா. குழந்தைகள் நிதியான யூனிசெப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ரவிசங்கர் முதலில் நினைத்ததைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு!

இசைத்தட்டின் கதை வேறு. மூன்று தட்டுகள் கொண்ட பெட்டி. மேலட்டையில் காலிப் பாத்திரத்தின் அருகே அமர்ந்திருக்கும் எலும்பும் தோலுமான குழந்தை. உடனே வந்திருந்தால் சூடாக விற்றிருக்கும். ஆனால் டிலான் ஒரு கம்பெனியின் ஒப்பந்தக் கலைஞர். தட்டை விநியோகிக்க வேண்டியது வேறொரு கம்பெனி. யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு வார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. ஹாரிசன் தொலைக்காட்சியில் தோன்றிப் பகிரங்கமாகக் குறைப்பட்டுக்கொள்ளும் நிலைமை வந்தது. ஒருவழியாக அமெரிக்காவில் தட்டு வெளிவந்த நாள் 1971 டிசம்பர் 20. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததோ டிசம்பர் 16. யாருக்காகத் தட்டு தயாரிக்கப்பட்டதோ அந்த அகதிகள் வீடு திரும்பத் தயாரான நேரத்தில்தான் தட்டு கடைக்கு வந்தது.

அதைவிடப் பெரிய தடை அடுத்து வந்தது. அமெரிக்காவில் தர்ம காரியத்துக்கு வரி விலக்கு வேண்டுமானால், பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனம் ஒன்றின் பெயரில் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இந்தக் கச்சேரிக்கு அந்த ஏற்பாடு நடக்கவில்லை. யூனிசெப்புக்குக் கொடுப்பது என்ற முடிவு இருந்ததே தவிர, அதற்கான காகிதங்கள் முதலில் தயாராகவில்லை. ஆகவே தட்டின் வருவாயை வரித்துறை தர்மப் பணமாக ஏற்கவில்லை. சாதாரண வருமானமாகவே பார்த்தது. தணிக்கை தொடங்கியது. பிரிட்டனிலும் தட்டின் மீதான வரியைத் தள்ளுபடி செய்ய அரசு மறுத்துவிட்டது.

தணிக்கை தொடங்கும் முன் யூனிசெப் வழியாகப் போனது சுமார் 20 லட்சம் டாலர். மீதமிருந்த 88 லட்சம் டாலர் 1981-இல், தணிக்கை முடிந்த பிறகுதான் விடுபட்டது. இடையில் ஏறக்குறைய பத்து வருஷம்!

இந்தப் பத்து வருஷத்தில் என்ன நடந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1974-இல் வங்க தேசத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. அதே நேரத்தில், அந்த நாட்டின் குழந்தைகளுக்கென்று சொல்லி வாங்கிய பணம் கடல் கடந்த நாட்டில் முடங்கிக் கிடந்தது. யாரும் அதைத் திருடவில்லை. மேடையேறிய கலைஞர்களில் எவர் மனத்திலும் கள்ளம் இல்லை. கூட்ஸ் ஷெட்டில் சரக்கு வந்து இறங்கியும் ரசீது இல்லாததால் எடுத்துப்போக முடியாமல் கிடக்குமே, அந்தக் கதைதான். சரக்கு உரியவருடையதுதான். ஆனால் காகிதம் இல்லை. நாள் ஏற ஏற வாடகையும் ஏறும். உள்ளே இருப்பது வாழைப்பழமானால் அழுகியும் போகும். பசிக்கு அனுப்பும் பணமும் வாழைப்பழம் மாதிரிதான்.

ஐந்து காசு சொன்ன பாடம்

அதே 1971-இல் இந்தியாவில் நடந்ததையும் இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அகதிகளைக் காப்பாற்றும் செலவுக்காக மத்திய அரசு நவம்பர் 15 முதல் சில வரிகளை விதித்தது. கடிதங்களில் வழக்கமான தபால் தலையுடன் 5 காசு அகதிகள் நிவாரணத் தலையும் ஒட்ட வேண்டியிருந்தது. ரயில் பிரயாணக் கட்டணத்தின் மீதும் அந்த வரி உண்டு. புது தில்லியில் ஜி. டி. எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போன தமிழரும், ஊரில் இருக்கும் தாயாருக்குக் கடிதம் எழுதிய தமிழரும் இந்தச் சுமையில் பங்கேற்றார்கள். பெரியவர்கள் வீட்டுப் பழைய உறைகளில் அந்தச் சின்னத் தலையை இன்றும் பார்க்கலாம். 1973-இல் சட்டம் இயற்றி இந்த வரிகள் ரத்து செய்யப்பட்டன.

வரி என்றால் யாருக்கும் கசப்புத்தான். அதற்குக் கைதட்டல் கிடையாது, மேலட்டைப் படம் கிடையாது, விருது கிடையாது. ஆனால் வாங்கும் கவுண்டர், கொடுக்கும் சீட்டு, எழுதும் புத்தகம், போய்ச் சேரும் கஜானா எல்லாம் முதல் காசு விழுவதற்கு முன்பே தயாராக இருந்தன. நியூயார்க்கில் புகழ் முதலில் வந்தது. புத்தகம் பிறகு வந்தது. பெரிய மனசுக்கும் சின்னப் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கச்சேரி பணத்தை மட்டும் தரவில்லை. வங்க தேசம் என்று ஒரு நாடு உண்டு, அங்கே ஜனங்கள் சாகிறார்கள் என்பதை ஒரே நாளில் அது உலகத்துக்குச் சொன்னது. அமெரிக்க அரசு பாகிஸ்தான் பக்கம் சாய்ந்திருந்த காலம் அது. அப்போது அமெரிக்க இளைஞர்களின் வீட்டுக்குள்ளேயே அந்தப் பெயரைக் கொண்டுபோனது சாமான்யமான காரியம் அல்ல. ஐந்து வாரத்தில் அவசரமாகச் செய்தவர்களிடம் பத்து மாத ஏற்பாட்டை எதிர்பார்ப்பது சரியா என்றும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கும் விடை அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நேராக வந்து நேராகப் போன டிக்கெட் பணம் பன்னிரண்டே நாளில் சேர்ந்தது. அவசரம் தடையாக இருக்கவில்லை. முன்னேற்பாடு இல்லாததே தடையாயிற்று.

பின்னால் வந்தவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 1985 ஜூலை 13-இல் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த மாபெரும் இசை நிகழ்ச்சிக்கு ஆறு மாதம் முன்னதாகவே அறக்கட்டளை ஒன்று அமைக்கப்பட்டுவிட்டது.

தட்டு தேய்ந்தாலும் தர்மம் தேயாது

2005-இல் வந்த புதுப்பித்த பதிப்புக்கு வரலாம். புதுப்பிப்பது என்றால் பழைய தட்டைத் துடைத்து விற்பது அல்ல. அன்று பாட்டும் வாத்தியமுமாகத் தனித்தனித் தடங்களில் பதிந்த மூல நாடாவை எடுத்து, இரைச்சலைக் குறைத்து, ஒன்றை ஒன்று அமுக்காதபடி ஒலியைச் சமன் செய்து புதிய பிரதி எடுப்பது. மூல நாடாவைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. ஹாரிசன் 2001 நவம்பரில் காலமாகிவிட்டார். ஆனால் இம்முறை புத்தகம் முதலில் தயாராயிற்று. அவர் பெயரிலேயே யூனிசெப்புடன் சேர்ந்து நிதி ஒன்று நிறுவப்பட்டு, வருவாய் அதற்கு என்று ஏற்பாடாயிற்று. முதல் தடவை செய்யத் தவறியது முப்பத்து நான்கு வருஷம் கழித்துச் சரியாகச் செய்யப்பட்டது.

இது ஏதோ மேல்நாட்டு விசேஷம் என்று யாரும் எண்ண வேண்டாம். தமிழர் வீடுகளில் காலையில் ஒலிக்கும் சுப்ரபாதத்தையே எடுத்துக்கொள்ளலாம். எம். எஸ். சுப்புலட்சுமி 1963-இல் பாடிப் பதிவு செய்த வெங்கடேச சுப்ரபாதத் தட்டின் ராயல்டி, திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு என்று எழுதி வைக்கப்பட்டது. தட்டு கேஸட்டாயிற்று, கேஸட் குறுந்தகடாயிற்று. பாடிய அம்மையார் 2004-இல் மறைந்துவிட்டார். ஆனால் அந்தத் தர்மத்துக்கு ஒரு முகவரி முதல் நாளே குறிக்கப்பட்டிருந்தது. 1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்து தந்தவர் அவர். பொதுக் காரியங்களுக்கு அவர் பாடிக் கொடுத்ததைப் போற்றியே 1974-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. கொடுக்கும் மனசும் கொடுக்கும் முறையும் ஒன்று சேர்ந்தால் ஒரு குரல் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

தலைநகர்ச் சபாக்கள் செய்யக்கூடியது

தில்லிக்கு இத்தகைய மேடைகள் புதியவை அல்ல. மனித உரிமைக்காக உலகைச் சுற்றி வந்த இசைக் குழு 1988 செப்டம்பர் 30-இல் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் பாடியது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், டிரேசி சாப்மன் எல்லாரும் வந்தார்கள். அதெல்லாம் பெரிய காரியம். கரோல்பாக்கிலிருந்து மயூர் விஹார் வரை தமிழர்கள் நடத்தும் கச்சேரிகள் சிறிய காரியம்தான். ஆனால் ஊரில் ஒரு துன்பம் என்றால் தலைநகர்த் தமிழர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் அல்லர். 2004 சுனாமி, 2015 சென்னை வெள்ளம், 2018 கஜா புயல் என்று ஒவ்வொரு முறையும் தமிழகத்தைத் துயரம் தாக்கும்போது, முதலில் தோன்றும் யோசனை ஒரு நிதி உதவிக் கச்சேரி வைக்கலாம் என்பதுதான்.

நல்ல யோசனை. ஆனால் கச்சேரி என்றதும் ஹால் வாடகை, மைக் செட், வித்வான்களின் பிரயாணம், பொன்னாடை, மாலை, நினைவு மலர், சிற்றுண்டி என்று பட்டியல் நீளுகிறது. எல்லாம் போக மிச்சம் எவ்வளவு, அது எந்தத் தேதியில் யார் கையில் கொடுக்கப்பட்டது என்பது டிக்கெட் வாங்கியவருக்குப் பல சமயங்களில் தெரியாமலே போகிறது. யாரையும் சந்தேகிப்பது அல்ல இங்கு நோக்கம். உழைப்பவர்கள் ஆபீஸ் முடிந்து, பஸ் பிடித்து வந்து, சொந்தப் பணத்தைப் போட்டுச் செய்கிறார்கள். அவர்களுடைய நல்ல பெயரைக் காப்பாற்றுவதற்காகவே கணக்கு வேண்டும். கணக்குக் கேட்டால் மனம் நோகும் என்பது சரியல்ல. கேட்பதற்கு முன் கொடுத்துவிட்டால் நோவுக்கு இடமே இல்லை.

செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல. டிக்கெட் அச்சடிப்பதற்கு முன், பணம் யாருக்குப் போகிறது என்று முடிவு செய்து அவர்களிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கிவிட வேண்டும். நன்கொடைக்கு வரி விலக்குச் சான்று உள்ள ஸ்தாபனத்தின் பெயரில் ரசீது கொடுக்க வேண்டும். அந்த நிகழ்ச்சிக்கென்று வங்கியில் தனிக் கணக்கு இருக்க வேண்டும். செலவுக்கு விளம்பரதாரர் பணம், நிவாரணத்துக்கு டிக்கெட் பணம் என்று முதலிலேயே பிரித்துவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்தது. துபாயிலும் அமெரிக்காவிலும் உள்ள மகன், மருமகனிடமிருந்து பணம் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை முன்னதாக விசாரித்துக்கொள்வது அவசியம். அனுமதி பெறாத அமைப்பு அயல்நாட்டவரிடம் நன்கொடை வாங்க முடியாது. அனுமதி பெற்றவர்களுக்கும் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் பாராளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளைதான். வானொலி நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம்! பணம் வந்த பிறகு அங்கே ஓடுவதைவிட, வருவதற்கு முன் ஒரு நடை போய் வருவது மேல்.

இன்னொன்றும் உண்டு. ஒலிப்பதிவு. நல்ல வித்வான் மனமுவந்து இலவசமாகப் பாடும் நாளில், அவர் குரல் இரண்டரை மணி நேரத்தில் காற்றோடு கலந்துவிடுகிறது. யாரோ கைப்பேசியில் பிடித்தது நாலு பேருக்குப் போகிறது. அதில் பாட்டைவிடக் குழந்தை அழுவதுதான் அதிகம் கேட்கிறது. முறையாகப் பதிவு செய்து, பாடியவர், வாசித்தவர் எல்லாரிடமும் அன்றைக்கே கையெழுத்து வாங்கி, விற்றால் வருவாய் யாருக்கு என்றும் எழுதி வைத்தால் அது பின்னாளைக்கு உதவும். டிலான் ஒருவருடைய ஒப்பந்தத்தால் மூன்று தட்டுகள் மாதக்கணக்கில் நின்றுபோன கதை, பக்கவாத்தியக்காரர் ஒருவரை மறந்துவிட்டால் கரோல்பாக்கிலும் நடக்கலாம். வானொலி தன் பழைய நாடாக்களைத் தேடியெடுத்து ஆகாசவாணி சங்கீத் என்ற பெயரில் வெளியிட்டதால்தான் பல மேதைகளின் இசை இன்றைய காதுகளுக்குக் கிடைத்தது. அந்த அக்கறையில் ஒரு பங்கு சபாக்களுக்கும் இருந்தால் போதும்.

கடைசியாக, கச்சேரி முடிந்த முப்பது நாளுக்குள் வரவு, செலவு, கொடுத்த தொகை, கொடுத்த தேதி, பெற்றவரின் ரசீது எண் என்று ஐந்து வரி எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும். அடுத்த முறை டிக்கெட் விற்க வீடு வீடாக அலைய வேண்டிய அவசியமே இராது.

புதுப்பித்த இசைத்தட்டை இன்று கேட்பவருக்கும் அந்தச் சுருதி சேர்ப்பும் அதற்குக் கிடைத்த கைதட்டலும் காதில் விழும். தெரியாமல் தட்டிய கை என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் எந்த வித்வானும் சுருதி சேர்க்காமல் வில்லை எடுப்பதில்லை. கேட்பவர்களும் அந்த நேரத்தில் அவரை அவசரப்படுத்துவதில்லை. பணத்தின் விஷயத்திலும் அதே பொறுமையைச் சபாக்கள் காட்டலாம். அடுத்த கச்சேரிக்கு நோட்டீஸ் அடிக்கப் போகும் காரியதரிசி, போகிற வழியில் முதலில் ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு போகட்டும்.